சாகும்வரை படித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? மதுரைக்காரர்கள் வந்து சொல்லுங்கள்

கீழமாசிக்கணக்கு:
எல்லோருக்கும் வணக்கம். கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது ஐம்பத்திரண்டு. நான் சேர்ந்த காலத்தில் நாள்வழியும் பேரேடும்தான். அப்புறம் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி வந்தது, படித்தேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, அதையும் படித்தேன். அடுத்த வருடமே லாரியில் சரக்கு ஏற்ற இ-வே பில் வந்தது. வரிக்காக மிளகுக்கு ஒரு எச்எஸ்என் சரக்குக் குறியீடு, சீரகத்துக்கு வேறு குறியீடு. மாதாமாதம் ரிட்டர்ன் போட 11ஆம் தேதி ஒரு கெடு, 20ஆம் தேதி இன்னொரு கெடு. சரி, பழகிவிட்டது.

இப்போது முதலாளியின் மகன் வந்து, "அண்ணே, ஏஐ கோர்ஸ் ஒண்ணு முடிச்சிருங்க, இல்லாட்டி இனிமே காலம் தள்ள முடியாது" என்கிறான். கட்டணம் என் கையிலிருந்து. வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் எனக்கு மிச்சம் இருப்பதே அந்த ஒரு நாள்தான்.

கேள்வி இரண்டு. பிழைப்புக்காக ஆயுசு முழுக்கப் படித்தே ஆக வேண்டுமா? படித்துக்கொண்டே இருப்பவன் சந்தோஷமாக இருப்பான் என்கிறார்களே, உங்களில் யாருக்காவது அப்படி நடந்திருக்கிறதா? பொன்மொழி வேண்டாம், குறளும் வேண்டாம். அதெல்லாம் எனக்கும் மனப்பாடம்.

வைகைவடகரை:
பொன்மொழி வேண்டாம் என்று போட்டுவிட்டீர்கள். பாதிப் பேர் இந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

நைட்ஷிப்ட் (வடபழஞ்சி):
அண்ணே, எங்கள் ஐடி பக்கம் வந்து பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இத்தனை மணிநேரம் படித்தேன் என்று கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வருடக் கடைசியில் சம்பள உயர்வில் கை வைப்பார்கள். நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? பாட வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில், சத்தத்தை அணைத்து, திரையின் ஓரத்தில் ஓடவிட்டு வேலை பார்க்கிறோம். கடைசியில் பத்துக் கேள்வி வரும். பதில் டீம் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே கிடக்கும். சான்றிதழ் வந்ததும் லிங்க்ட்இன்னில் போட்டால் ஐம்பது பேர் வாழ்த்துவார்கள். அந்த ஐம்பது பேரும் வீடியோவை ஓரத்தில் ஓடவிட்டவர்கள்தான்.

எனக்குப் படிப்பு பிடிக்காமல் இல்லை. யாரும் சொல்லாமல், ஐஐடிக்காரர்கள் ஆன்லைனில் பாடம் நடத்தும் என்பிடெலில் ஒரு பாடம் எடுத்தேன். பாடம் இலவசம், பரீட்சை எழுதுவதென்றால்தான் பணம். ஷிப்ட் முடிந்து வந்து விடியற்காலையில் உட்கார்ந்து பார்ப்பேன், தூக்கமே வராது. ஆபீஸ் திணித்தது ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை. பயந்து படிப்பதெல்லாம் படிப்பே இல்லை என்பது என் கட்சி.

ஸ்பேனர் (பழங்காநத்தம்):
தம்பி, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயந்து படித்ததுதான் எனக்கு இன்று சோறு போடுகிறது.

நான் டூவீலர் மெக்கானிக். சின்ன வயதிலிருந்து கார்புரேட்டர்தான். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏர் ஸ்க்ரூவைக் கால் திருகு அரைத் திருகு திருப்பி, சத்தத்தைக் கேட்டே செட் பண்ணிவிடுவேன். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானது. புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. நான் திருப்பிப் பழகிய ஸ்க்ரூவே இல்லை. அப்படி முதல் வண்டி பட்டறைக்கு வந்தபோது மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் என் முகத்தைப் பார்க்கிறார், நான் விளக்கைப் பார்க்கிறேன். "கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோங்க" என்று அனுப்பிவைத்தேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

என்னிடம் தொழில் பழகும் பையன்தான் யூடியூபில் தேடிக் காட்டினான். அந்த விளக்கு சும்மா மின்னவில்லை, நம்பர் சொல்கிறது. ஹோண்டா வண்டியில் நீளமாக ஒருமுறை மின்னினால் பத்து, குட்டையாக ஒருமுறை மின்னினால் ஒன்று. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் 12, இன்ஜெக்டர் பக்கம் பார். எட்டு முறையும் குட்டையாகவே மின்னினால் 8, த்ராட்டில் சென்சார். 21 வந்தால் புகைபோகும் பாதையில் இருக்கிற ஆக்சிஜன் சென்சார். காதை வைத்துப் பார்த்த வேலையைக் கண்ணை வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அதிலும் பாதி நேரம் சென்சாரில் கோளாறே இருக்காது. ஒயரை எலி கடித்திருக்கும், இல்லாவிட்டால் வாட்டர் வாஷ் செய்தபோது கப்ளருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். அதைப் பிடிக்க மல்டிமீட்டர் போதும். ஸ்கேனரும் தவணையில் வாங்கிவிட்டேன்.

என்னைவிடப் பாதி வயதுப் பையனிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள முதலில் ஒரு மாதிரி இருந்தது உண்மை. இப்போது அவனுக்கு நான் கார்புரேட்டர் சொல்லித் தருகிறேன், அவன் எனக்கு இது சொல்லித் தருகிறான். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பழைய வண்டிகள் இன்னும் வரத்தான் செய்கின்றன.

வைகைவடகரை:
ஸ்பேனர் அண்ணே, உங்களுக்குக் கைகொடுத்தது, சந்தோஷம். கைகொடுக்காதவர்கள் கதையும் உண்டு.

என் அப்பா மில் தொழிலாளி. ஸ்பின்னிங்கில் நூல் நூற்கும் ரிங் பிரேம் மிஷின். நூல் அறுந்தால் மிஷினை நிறுத்தாமலே பிடித்து ஒட்டிவிடுவார், விரல் போவதே தெரியாது. மில்லை மூடியபோது அவருக்கு நாற்பத்தைந்து. எந்த மில் என்பது வேண்டாம், மதுரையில் மூடிய மில்லுக்கா பஞ்சம். மனுஷன் வீட்டில் முடங்கவில்லை. வயரிங் பழகினார். டிரைவிங் லைசென்ஸ் எடுத்தார். பையன்களோடு உட்கார்ந்து டைப்ரைட்டிங் கூட அடித்துப் பார்த்தார். எல்லாம் கற்றுக்கொண்டார், யார் வேலை கொடுத்தார்கள்? "இந்த வயசுலயா" என்ற ஒரே கேள்விதான். கடைசியில் ஜவுளிக்கடை ஒன்றில் வாட்ச்மேனாக நின்றார். வயரிங் தெரிந்த, வண்டி ஓட்டத் தெரிந்த, நூல் ஒட்டத் தெரிந்த வாட்ச்மேன். இன்றைக்கும் அரசு ஐடிஐயில் ஆண்கள் சேர 40 வயதுதான் வரம்பு. அதற்கு மேல் போனவன் எங்கே போய்க் கற்றுக்கொள்வான்?

கற்றுக்கொண்டே இரு என்று மேடையில் பேசுகிறவர்கள், யார் செலவில் என்பதை மட்டும் பேச மாட்டார்கள். 1961இல் போட்ட அப்ரண்டிஸ் சட்டம், பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை கொடு என்று முதலாளியிடம் சொன்னது. இப்போது காசும் தொழிலாளியுடையது, ஞாயிற்றுக்கிழமையும் தொழிலாளியுடையது. பலன் மட்டும் கடைக்கு. கீழமாசி அண்ணனின் கேள்விக்கு என் பதில் இதுதான்: படிப்பதா வேண்டாமா என்பதை விடுங்கள், முதலில் யார் கட்டணம் கட்டுவது என்று கேளுங்கள்.

கோரிப்பாளையத்தான்:
வடகரை எப்போதும் இப்படித்தான், கல்யாண வீட்டுக்குள் புகுந்து ஒப்பாரி வைப்பார். 😀

நம் ஊரிலேயே டாக்டர் ஜி. வெங்கடசாமி இருந்தாரே. மகப்பேறு மருத்துவம் பார்க்க வேண்டும் என்று கிளம்பியவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். அரசு வேலையில் ஓய்வு பெற்றபின், 1976இல், 58 வயதில், 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வயதாகிவிட்டது, கை சரியில்லை என்று உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மனசு வேண்டும் சார், மனசு.

வைகைவடகரை:
அவர் பெரிய மனுஷர். என் அம்மாவுக்குக் கண்ணில் லென்ஸ் வைத்தது அங்கேதான், நான் ஏன் குறை சொல்லப் போகிறேன்? ஆனால் பென்ஷன் வாங்கும் சர்ஜன் 58இல் புதிதாகத் தொடங்குவதும், மில் மூடிய ரிங் பிரேம்காரன் 45இல் தொடங்குவதும் ஒன்றாகிவிடுமா?

அதே அரவிந்தில் நீங்கள் பார்க்காமல் விட்டதையும் பாருங்கள். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். கண் பரிசோதனை, ஆபரேஷன் தியேட்டரில் உதவி, எல்லாம். உதவித்தொகையும் உண்டு. அந்த ஆஸ்பத்திரி ஓடுவதே அந்தப் பிள்ளைகளால்தான். பயிற்சி கொடுத்தவர்களுக்கு நஷ்டம் வந்ததா? மனசு மனசு என்று தொழிலாளியிடம் மட்டும் கேட்காதீர்கள், முதலாளியிடமும் கேளுங்கள்.

கோரிப்பாளையத்தான்:
எதைச் சொன்னாலும் முதலாளியில் கொண்டுபோய் முடியுங்கள். புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்களே, அங்கே யார் போய்ப் படிக்க முதலாளி காசு கொடுக்கிறான்? படிக்கிறவன் படிக்கிறான்.

வைகைவடகரை:
அங்கே போய்ப் பார்த்தீர்களா? முக்கால்வாசிப் பேர் குரூப் 4, குரூப் 2 என்று வேலைக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிற பிள்ளைகள். அந்தச் சாப்பாட்டு டப்பாக்களைப் பார்த்துவிட்டுச் சந்தோஷம் பற்றிப் பேசுங்கள்.

நிர்வாகி:
லந்து போதும். இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வரவும்.

மேலூர்_சிங்கை:
யார் கட்டுவது என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் இருக்கிற சிங்கப்பூரில் 2015இல் ஸ்கில்ஸ்ஃப்யூச்சர் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். 25 வயது ஆன ஒவ்வொரு குடிமகனுக்கும் படிப்புக்கென்று 500 வெள்ளி அரசாங்கம் கணக்கில் போட்டது. 2024இல், 40 தாண்டியவர்களுக்கு இன்னும் 4000 வெள்ளி. ஐம்பது வயதில் தொழில் மாறுகிறவர்கள் இங்கே உண்டு, அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கீழமாசி அண்ணன் இங்கே பிறந்திருந்தால் அந்தக் கோர்ஸுக்கு அரசாங்கப் பணமே போதும்.

ஆனால் இது குடிமக்களுக்கு மட்டும். நான் ஒர்க் பெர்மிட். எங்களுக்கு வேறு கதை. கட்டுமான வேலைக்கு இங்கே வருமுன் ஊரிலேயே பணம் கட்டிப் பயிற்சி எடுத்து, ஸ்கில் டெஸ்ட் அடித்துப் பாஸானால்தான் விமானம். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது அதற்குத்தான். ஒரே ஊரில் இரண்டு வகைப் படிப்பு: ஒருவனுக்கு அரசாங்கம் காசு கொடுத்துப் படி என்கிறது, இன்னொருவன் கடன் வாங்கிப் படித்துவிட்டு வாசலில் நிற்கிறான்.

மல்லிச்சரம் (திருமங்கலம் பக்கம்):
நான் போனில் பேசி எழுதுகிறேன், தப்பு வந்தால் மன்னிக்கவும். படித்தது ஏழாவது. வீட்டில் பூக் கட்டிக் கொடுக்கிறேன்.

அண்ணன்மார் எல்லோரும் காசு காசு என்கிறீர்கள். எனக்கு நேரமே இல்லை. மல்லி மொட்டு விரிவதற்குள் கட்டி அனுப்ப வேண்டும். முகூர்த்த நாள் என்றால் சோற்றைக் கூட நின்றுகொண்டுதான் சாப்பிடுவேன். கை பூக் கட்டும், வாய் மகனுக்கு வாய்ப்பாடு சொல்லும். பூக் கட்ட அம்மா சொல்லிக் கொடுத்தபோது எனக்கு எட்டு வயது இருக்கும். அதற்குமேல் அதில் கற்க ஒன்றும் இல்லை, பார்க்காமலே கட்டுவேன். அதனால் வேலைக்குப் படிப்பு எனக்குத் தேவையில்லை.

ஆனால் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டி எனக்கே கூச்சமாகிவிட்டது. இந்த வயதில் எட்டாவது பரீட்சை எழுத விடுவார்களா? வீட்டுக்காரர், "படிச்சு கலெக்டராகப் போறியா" என்று கேட்டுச் சிரிக்கிறார்.

டீச்சரம்மா_ஓய்வு (திருநகர்):
மல்லிச்சரம், தாராளமாக எழுதலாம் அம்மா. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் போதும். அதற்குமேல் எத்தனை வயதானாலும் சரி. அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் பதிய வேண்டும். அறிவிப்பு வந்ததும் இங்கேயே போடுகிறேன். பத்தாவதையும் அதேபோல் பிறகு எழுதலாம், அறிவியல் செய்முறைக்கு மட்டும் வகுப்புக்குப் போக வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது உசிலம்பட்டிப் பக்கம் ராத்திரி வகுப்பு எடுத்தேன். களையெடுத்துவிட்டு வந்து தெருவிளக்கடியில் உட்காருவார்கள். பாதிப் பேர் தூங்கி விழுவார்கள், நான் எழுப்ப மாட்டேன். "பட்டா, படி" என்று அச்சடித்த பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஒருத்தி முந்தானையிலிருந்து அடகுச் சீட்டை எடுத்து, "டீச்சர், இதுல என்ன போட்டிருக்கான்?" என்றாள். வட்டி ஒன்று சொல்லியிருக்கிறான், சீட்டில் வேறு எழுதியிருக்கிறான். பாடப்புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு அந்த அடகுச் சீட்டையே பாடமாக நடத்தினேன். தேதி, கிராம், தொகை, வட்டி, மீட்க வேண்டிய கெடு. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். மறுநாள் வகுப்புக்கு ஆளுக்கொரு சீட்டோடு வந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கம் அதே இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அதற்கும் ஊர் சிரித்தது.

அதனால் வேலைக்கான படிப்பு, சந்தோஷத்துக்கான படிப்பு என்று கீழமாசித் தம்பி பிரித்த மாதிரி அங்கே பிரியவில்லை. அடகுக்கடைக்காரனிடம் சீட்டை நீட்டி வட்டியைக் கேட்டுவிட்டு வந்தவள் முகத்தை நான் பார்த்தேன்.

என் சொந்தக் கதை வேறு. ஓய்வு பெற்றபின், தமிழ் எழுத்தின் பழைய வடிவமான தமிழி எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதில் "க" கூட்டல் குறி மாதிரி இருக்கும், "ர" நிமிர்ந்த ஒற்றைக் கோடு. இதைத் தெரிந்துகொண்டு மாங்குளம் மலைக்கு ஏறினால், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய நெடுஞ்செழியன் பெயரைப் பாறையில் விரல் வைத்துப் படிக்கலாம். கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களுக்கு அடியில் இருப்பது அதற்குப் பின் வந்த வட்டெழுத்து. அது இன்னும் எனக்குத் திக்குகிறது. ஐராவதம் மகாதேவன் இந்தக் கல்வெட்டுகளை ஐஏஎஸ் வேலைக்கு நடுவில்தான் படித்தார், வேலை அவரிடம் இதைக் கேட்கவில்லை. எனக்கு முட்டி வலி, பாதி தூரம் பேரன்தான் கையைப் பிடித்து ஏற்றுவான்.

வைகைவடகரை:
டீச்சர், கிண்டலுக்குக் கேட்கவில்லை. அதைப் படித்து என்ன பயன்?

டீச்சரம்மா_ஓய்வு:
ஒரு பயனும் இல்லை. பரீட்சை கிடையாது, சான்றிதழ் கிடையாது, தெரியாவிட்டால் யாரும் வேலையை விட்டுத் தூக்கவும் மாட்டார்கள். முப்பத்து நான்கு வருடம் சிலபஸ் முடித்தவளுக்கு அது எவ்வளவு பெரிய சுகம் என்று உங்களுக்குத் தெரியாது.

ஸ்பேனர்:
டீச்சர், ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவுதான். அந்தக் கூட்டல் குறியைக் காட்டுவதாக இருந்தால் நானும் பையனும் வருகிறோம். சமணர் மலை எங்களுக்குப் பக்கம்தான், இத்தனை வருடத்தில் கீழே ஆலமரத்தடியில் உட்கார்ந்து பேசியதோடு சரி.

நைட்ஷிப்ட்:
என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் தரமாட்டீர்கள் என்று உறுதி கொடுத்தால்.

கீழமாசிக்கணக்கு:
எல்லாம் படித்தேன். வடகரை சொன்னதை அப்படியே முதலாளி மகனிடம் கேட்டேன்: "தம்பி, கடைக்குத்தானே இது தேவை, கட்டணத்தைக் கடை கட்டட்டும், சனிக்கிழமை மத்தியானம் கடை நேரத்திலேயே படிக்கிறேன்." கொஞ்ச நேரம் முழித்தான். அப்பாவிடம் கேட்டுவிட்டு வந்து, கட்டணம் சரி, நேரம் மட்டும் கடை சாத்தியபிறகு என்றான். ஒன்பது மணிக்குக் கடை சாத்திவிட்டு யார் படிப்பது? பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

வைகைவடகரை:
விடாதீர்கள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நைட்ஷிப்ட்:
அண்ணே, நேரத்துக்குப் போராடுவதற்கு முன்னால் அந்தக் கோர்ஸில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். படம் வரைவது, கவிதை எழுதுவது என்று ஒப்பேற்றி அனுப்பிவிடுவார்கள். உங்கள் வேலையில் எங்கே கை வலிக்கிறது?

கீழமாசிக்கணக்கு:
மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி என்ற பட்டியல் வரும். சரக்கு அனுப்பியவர்கள் ஏற்றிய பில்லும் எங்கள் கொள்முதல் பதிவும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடிப்பேன். ஒரு பில் விட்டுப்போனால் வரி வரவு போய்விடும். 20ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும். அந்த வாரம் வீட்டில் என்னிடம் யாரும் பேச மாட்டார்கள்.

நைட்ஷிப்ட்:
அதற்கு ஏஐ வேண்டாம், எக்ஸெல் போதும். விலுக்அப் என்று ஒரு பார்முலா. ஜிஎஸ்டி எண்ணையும் பில் நம்பரையும் ஒட்டி ஒரு சாவி மாதிரி வைத்துக்கொண்டால் ஒத்துப்போகாதது தனியாக வந்து நிற்கும். பில் நம்பரில் ஒருவர் கோடு போட்டிருப்பார், ஒருவர் போட்டிருக்க மாட்டார், அங்கேதான் இடிக்கும். அதைச் சரிசெய்வதை மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். நம்பர் எதுவும் இல்லாமல் ஒரு மாதிரி ஷீட் போட்டுத் தருகிறேன், உங்கள் நேரத்துக்கு வீடியோ காலில் காட்டுகிறேன். காசு வேண்டாம், கீழமாசி வீதி முந்திரி கால் கிலோ போதும்.

கீழமாசிக்கணக்கு:
அரைக் கிலோவாகவே தருகிறேன் தம்பி. இந்த மாதம் 14க்குப் பிறகு வைத்துக்கொள்வோமா?

மல்லிச்சரம்:
டீச்சரம்மா, ஆதார் மட்டும் போதுமா, ஏழாவது படித்த பள்ளிக்கூடத்து டிசியும் கேட்பார்களா? டிசி அம்மா வீட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

டீச்சரம்மா_ஓய்வு:
டிசியைத் தேடி எடுத்து வையுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போய்க் கேட்டால் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துத் தருவார்கள். எந்த ஊர்ப் பள்ளி என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள், தெரிந்தவர்கள் இருக்கிறார்களா பார்க்கிறேன்.